கதவைக் கழற்றிய வீடு

கொச்சிப் பள்ளுருத்தியில் பிச்சைமணியின் வீட்டுக்குக் கதவு இல்லை. நிலை இருந்தது, கீல் இருந்தது, திருகைப் பிடுங்கிய ஓட்டைகள் பச்சையாக இருந்தன. கழற்றிய கதவைப் பக்கத்துச் சுவரில் சாய்த்து அதன்மேல் துணி காயப் போட்டிருந்தார்கள். தட்டலாம் என்று தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், விசாரிக்க வந்த நௌஷிதா அப்படியே நின்றாள்.

“உள்ள வாங்கம்மா,” என்றாள் பேச்சியம்மாள், பிச்சைமணியின் மனைவி. “கதவச் சாத்துனா அவருக்கு மூச்சு வர மாட்டேங்குது. கக்கூஸ் கதவையும் எடுத்தாச்சு. சேலையத் தொங்க விட்டிருக்கேன். வெக்கமாத்தான் இருக்கு, என்ன செய்ய?”

பிச்சைமணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வளர்ந்த ஆள், தோள் இரண்டும் பலகை மாதிரி. அந்தத் தோளைச் சுருட்டிக் குழந்தை போலக் கிடந்தார். இரண்டு கை முட்டியிலும் துணிக்கட்டு. எதை அடித்து அந்தக் கை அப்படி ஆனது என்று நௌஷிதாவுக்குத் தெரியும். நடந்ததைப் பற்றிய அறிக்கையை வரும்போதே படித்துவிட்டுத்தான் வந்தாள். ஆனால் படிப்பதும் பார்ப்பதும் ஒன்றா?

நடந்தது இதுதான். பிச்சைமணியும் இன்னும் சிலரும் மட்டாஞ்சேரி கிடங்குகளில் மூட்டை தூக்கியவர்கள். சில வருஷம் முன்னால், கூலி கொஞ்சம் கூட என்று ஒரு ஒப்பந்தக் கம்பெனி அவர்களை வெளி மாநிலத்து விமான நிலையம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனது. அங்கே விமானத்தின் வயிற்றுக்குள், நிமிர முடியாத உயரத்தில், மண்டி போட்டுப் பெட்டி அடுக்கும் வேலை. போன வாரம் பிச்சைமணி உள்ளே கடைசி மூலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது, வெளியே நின்ற சக கூலியாள் அழகர் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டார். விமானம் நகர்ந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு பெண், காலுக்குக் கீழே யாரோ இடிக்கிறார்கள் என்றாள். பணிப்பெண் முதலில் சிரித்தாளாம். பிறகு அவளும் குனிந்து காதை வைத்தாள். ஓடுபாதைக்குப் பக்கத்தில் போன விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

நௌஷிதா மெல்லப் பேசிப் பார்த்தாள். பிச்சைமணி திரும்பவில்லை.

“வந்ததிலேர்ந்து ஒரு வார்த்த பேசல,” என்றாள் பேச்சியம்மாள். “எங்கிட்டயும்தான். அழகரண்ணன் வந்து வாசல்ல நின்னு அழுதுட்டுப் போனாரு. அதுக்கும் திரும்பல.”

வெளியே வந்ததும் போன் அடித்தது. சந்தீப், இதை விசாரிக்க அவளைக் கூப்பிட்ட அந்த ஒப்பந்தக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. பாதி மலையாளம் கலந்த தமிழ் அவனுக்கு.

“மேடம், எல்லாரும் ரிப்போர்ட்டுல ஒப்பு போட்டாச்சு. மேடத்தோட ஒப்பு மாத்ரம் பாக்கி. ‘லோடரின் அஜாக்கிரதை.’ அவ்வளவே உள்ளு. அது கிட்டினா அழகரை வேலையிலேர்ந்து பிரிச்சு விட்டுட்டு போலீஸ்ல கேஸ் கொடுக்கலாம்.”

“இன்னும் கேட்டு முடிக்கல சந்தீப்.”

“என்ன கேக்கான்? அவனே சம்மதிச்சல்லோ, நான்தான் சாத்துனேன்னு.”

அந்தக் கையெழுத்தை அவள் சுலபமாகப் போடுபவள் இல்லை. மட்டாஞ்சேரியில் மசாலாக்கடை ரஷீது ராவுத்தரின் மகள். படித்து வெளியே போய், விமானங்களில் மனிதர்கள் ஏன் தவறுகிறார்கள் என்று ஆராயும் வேலையைப் பிடித்தவள். எஞ்சினைப் பற்றிய ஆராய்ச்சி இல்லை அது, ஆளைப் பற்றியது. களைத்த பைலட்டின் கண் எங்கே போகும், ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சுவிட்சில் கை எதைத் தொடும், விடியும் நேரத்து மெக்கானிக் எதை மறப்பார் என்று பார்ப்பதிலேயே இருபது வருஷம் போயிற்று. ‘பைலட்டின் கவனக்குறைவு’ என்று எழுதி மூடிய கோப்புகளைச் சண்டை போட்டுத் திறக்க வைத்திருக்கிறாள். யார் செய்தார் என்று எல்லோரும் கேட்கிற இடத்தில், எது அவரைச் செய்ய வைத்தது என்று கேட்பாள். அதனாலேயே சிலருக்கு அவளைப் பிடிக்காது.

விமானத்தில் மூட்டை ஏற்றுபவர்களை ஆராய்ச்சிக்காரர்கள் யாரும் திரும்பிப் பார்க்காத காலத்தில் முதலில் போனவளும் அவள்தான். எஞ்சின் இரைச்சலில் அவர்களுக்குக் காது செத்துக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதிலேயே பெண்டாட்டி கூப்பிடுவது கேட்காது. கம்பெனிகளோடு மல்லுக்கட்டி நல்ல காதுமூடி வாங்கிக் கொடுக்க வைத்தாள். பல ஊர் விமான நிலையங்களில் இன்று அதுதான் சட்டம். பரிசு தந்தார்கள், மேடையேற்றினார்கள். அவள் வாழ்க்கையில் செய்த வேலைகளில் எது பிடிக்கும் என்று கேட்டால் அதைத்தான் சொல்வாள்.

ஆட்டோ பிடித்து மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்கு வந்தாள். அரிசி லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்க, பின்னால் வந்தவனெல்லாம் ஹாரனில் கையை வைத்துக்கொண்டே இருந்தான். கிடங்கு வாசலில் காலிச் சாக்குக் குவியல் மேல் அழகர் உட்கார்ந்திருந்தார். வேலை இல்லாவிட்டாலும் வேலை நடக்கும் இடத்தில்தான் வந்து உட்காரத் தோன்றும் சிலருக்கு.

அவளைப் பார்த்ததும் லாரிப் பக்கமிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். “அழகரண்ணே, பிளேன் கம்பெனி மேடம் வந்தாச்சு. இனி ஒன்ன ரெக்கையில கட்டித்தான் கூட்டிட்டுப் போவாங்க!”

“சும்மா கிடடா நாயே,” என்றான் இன்னொருவன். “அந்த ஆளு சோறு தின்னு எத்தன நாளாச்சோ.”

அழகர் எழுந்து நின்றார். அவள் சாயா வரவழைத்தாள், அவர் தொடவில்லை.

“எழுதிக்கிங்க மேடம். நான்தான் சாத்துனேன். இந்தக் கைதான். பிச்ச என் பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன். அவன நான் பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டுன மாதிரி பூட்டிட்டேன். வேற என்ன வேணும்?”

“சாத்தலாம்னு யாரு சொன்னா அழகரண்ணே?”

“யாரும் சொல்லல.”

“அப்புறம் எப்படித் தெரிஞ்சது, உள்ள ஆள் இல்லைன்னு?”

“தெரிஞ்சது.”

“எப்படி?”

“என்னத்தச் சொல்ல மேடம்? தெரியும்ல? தெனம் சாத்துறேன், தெனம் தெரியுது. அன்னிக்கும் தெரிஞ்சது. ஏர்போர்ட்டு போலீசும் அன்னிக்கு இதத்தான் கேட்டாங்க. யோசிச்சு யோசிச்சு மண்ட காஞ்சு போச்சு. தெரிஞ்சது, அவ்வளவுதான்.” அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். “நான் கிறுக்கனா மேடம்?”

அவள் பார்வை லாரிப் பக்கம் போனது. லாரி மேல் ஒருவன் நின்று மூட்டையைச் சரித்தான். கீழே ஒருவன் முதுகு காட்டிக் குனிந்து வாங்கினான். மூட்டை முதுகில் உட்கார்ந்ததும் மேலே நின்றவன் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். அவ்வளவுதான், கீழே நின்றவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அடுத்தவன் வந்தான், மூட்டை, தட்டு, நடை. அவர்களுக்குப் பேச்சே வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் தினமும் இந்த ரோட்டைக் கடந்துதான் அவள் பள்ளிக்கூடம் போனாள். இதை ஒருநாளும் கண்டதில்லை.

“அது என்னது, தோள்ல தட்டுறது?”

“அதா? நான் கைய எடுத்துட்டேன், இனி பாரம் ஒன்னோடது, நீ போன்னு அர்த்தம். பாரத்தோட திரும்பிப் பாத்தா கழுத்து போயிரும்ல. அதனால…”

அழகர் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. வலது கை தானாக எழுந்து தன் இடது தோளைத் தொட்டது. அந்த இடத்தைத் தடவிப் பார்த்தது.

“தட்டுனாங்க,” என்றார். “மேடம், அன்னிக்கு என் தோள்ல தட்டுனாங்க.”

“யாரு?”

“அது… தெரியலயே. நான் கதவப் பாத்துல்ல நிப்பேன். தட்டுனா சாத்துவேன். இப்பல்லாம் உள்ள ஒருத்தன்தான் இருப்பான். அவன் எறங்கிப் பின்னால வந்து தட்டுவான்.”

அழகர் போனை எடுத்து இசக்கிதுரைக்கு அடித்தார். அவரும் அதே கூட்டத்து ஆள், அன்றைக்கு அதே விமானத்தடியில் நின்றவர், இன்னும் அங்கேயே வேலையில் இருந்தவர். ஸ்பீக்கரில் போட்டார்.

“இசக்கி, அன்னிக்கு பிளேன் வயித்துக்குள்ள நீயும் போனியா?”

“பிளேன் லேட்டுன்னு சூப்பர்வைசர் என்னையும் ஏத்தி விட்டான்ல. பிச்சையோட நானும் அடுக்குனேன். ஒனக்கு அது தெரியும்தானே?”

“நான் பக்கத்துப் பிளேன்லேர்ந்து அப்பத்தான வந்தேன். எறங்கும்போது என் தோள்ல தட்டுனியா?”

“தட்டுனேன்,” என்றார் இசக்கிதுரை. “எறங்குனா தட்டுறதுதானே. நான் எறங்கிட்டேன்னு தட்டுனேன்.” பிறகு, “ஐயோ” என்றார். “ஐயோ, அழகரு.”

அழகர் சாக்கு மேல் உட்கார்ந்துவிட்டார். லாரியில் ஒருவன் மூட்டையோடு அப்படியே நின்று இவர்களைப் பார்த்தான்.

நௌஷிதாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம் என்றே சொல்ல வேண்டும். முடிச்சு கிடைத்துவிட்டது. ஒருவர் உள்ளே இருக்கும் லாரிக்கு ஒரு தட்டுப் போதும்; இரண்டு பேர் இருக்கும் விமானத்துக்குப் போதாது. தோளில் தட்டுகிற கை தன் பெயரைச் சொல்லாது. இதை எழுதினால் இந்த மனுஷன் தப்பிப்பார். கேட்க வேண்டிய கடைசிக் கேள்வியை வழக்கம்போலக் கேட்டாள்.

“ஆரம்பத்திலேர்ந்தே விமானத்துல இப்படித்தான் தட்டுவீங்களா?”

“இல்ல மேடம். போன புதுசுல சத்தம் போடுவோம். எறங்குறவன் அவன் பேரச் சொல்லி ‘இசக்கி வெளியே!’ன்னு கத்துவான். கதவுல நிக்கிறவன் ‘இசக்கி!’ன்னு திருப்பிக் கத்தணும். ‘பிச்ச வெளியே!’ ‘பிச்ச!’ அப்படி. எல்லாப் பேரும் வந்தாத்தான் கதவு. சூப்பர்வைசர் யாரும் சொல்லித் தரல, லோடருங்க நாங்களா வச்சுக்கிட்டதுதான், எல்லா ஊர்லயும் அப்படித்தான்.”

“ஏன் விட்டீங்க?”

“காதுமூடி வந்துச்சுல்ல? அப்புறம் எவன் கத்துனாலும் எவனுக்குக் கேக்கும்? அப்பத்தான் நம்ம பஜார்ப் பழக்கம் வந்து ஒட்டிக்கிச்சு. நல்ல சாமான் மேடம் அது, குறை சொல்லக் கூடாது. ராத்திரி காது இரையுறது நின்னுச்சு.”

அவள் கிடங்குச் சுவரில் கை வைத்தாள்.

வேறு ஊர் விமான நிலையங்களில் அந்தக் கத்தலை அவள் கேட்டிருக்கிறாள். வெறுமனே கேட்கவா செய்தாள்? எண்ணினாள். ஒரு விமானத்துக்கு எத்தனை தடவை லோடர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள் என்று வீடியோ பிடித்து எண்ணினாள். என்ன கத்துகிறார்கள் என்று கேட்கவில்லை. இரைச்சல் அவ்வளவு அதிகம் என்பதற்கு அதையே சாட்சியாக வைத்தாள். காதுமூடி வந்த பிறகு மறுபடி எண்ணினாள். கத்தல் குறைந்து, குறைந்து, ஒன்றுமே இல்லாமல் போனது. சரிந்து தரையில் விழும் அந்தக் கோட்டைத் திரையில் காட்டியபோது அரங்கம் எழுந்து கை தட்டியது. சத்தம் நின்றுவிட்டது, பாருங்கள் என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கை தட்டியவர்களோ, மேடையில் நின்றவளோ, அந்தக் கோடு விழுந்த இடத்தில் ஆட்களின் பெயரும் விழுந்துபோனதைப் பார்க்கவில்லை.

“மேடம்? என்ன செய்யுது? தண்ணி குடிக்கிறீங்களா?” அழகர் எழுந்து வந்தார்.

போன் மறுபடி அடித்தது.

“மேடம், ஒப்பு…”

“போட மாட்டேன் சந்தீப். நான் சொல்றத இப்பவே செய்யணும். உள்ள போன ஒவ்வொருத்தரும் எறங்கி வந்து, கதவுல நிக்கிறவர் முன்னாடி முகத்தக் காட்டணும். அப்புறம்தான் கதவு. நம்ம கம்பெனி மட்டும் இல்ல, அந்தக் காதுமூடி இருக்கிற எல்லா இடத்துக்கும் நானே இப்ப கூப்பிட்டுச் சொல்லப்போறேன்.”

“காதுமூடிக்கும் இதுக்கும் எந்தா பந்தம்?”

அவள் சொன்னாள்.

“மேடம்,” என்றான் கடைசியில். இப்போது அவன் குரல் அதிகாரி குரலாக இல்லை. “இது வெளியே போனா, மேடத்தோட பேரு… அவார்டு… ஆளுக பறயும், விமானப் பாதுகாப்புக்காரிதான் ஆளை உள்ளே வச்சு அடைச்சதுன்னு. ‘அஜாக்கிரதை’ன்னு போட்டா ஒரு ஆளோட தீரும்.”

“ஒரு ஆளோட தீராது. நாளைக்கு இன்னொரு ஊர்ல இன்னொருத்தன் தட்டுவான். அதான் எனக்குப் பயம். காரணம்னு இருக்கிற இடத்துல என் பேர எழுது. காதுமூடி கொடுத்தவ, அதுக்கு முன்னாடி அவங்க காதால என்ன வேல பாத்தாங்கன்னு கேக்காதவ. அப்படியே எழுது. கையெழுத்து அப்ப போடுறேன்.”

போனை வைத்தபோது அழகர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பித்தோம் என்ற தெளிவு அந்த முகத்தில் வரும் என்று அவள் நினைத்திருக்கலாம். வரவில்லை.

“அது நீங்களா?” என்றார். “அந்தச் சாமான் வாங்கிக் கொடுத்தது?”

“நான்தான்.”

“ஒங்களுக்காக வேளாங்கண்ணிக்கு நேர்ந்துக்கிட்டா என் பெண்டாட்டி. எவரோ ஒரு புண்ணியவதி, நல்லா இருக்கட்டும்னு.” அவர் சிரித்தாரா, அழுதாரா என்று சொல்ல முடியாது. “ஒங்க மேல கோவப்படவும் வரல, நன்றி சொல்லவும் வரல. பிச்ச கிட்டப் போய் நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, தப்பிக்கச் சொல்ற மாதிரி இருக்கும்.”

பள்ளுருத்திக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் ஆட்டோவிலிருந்தே ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டாள். ஒருவர் சிரித்தார், ஒருவர் எழுத்தில் அனுப்பச் சொன்னார், ஒருவர் மட்டும் “எங்க ஆட்களும் தட்டுறாங்க மேடம், நான் பாத்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு ஓடினார், அந்தச் சத்தம் போனில் கேட்டது.

வாசலில் நின்றாள். தட்டக் கதவு இல்லை. பேச்சியம்மாள் குழாயடிக்குப் போயிருந்தாள் போல, குடத்தைக் காணோம். உள்ளே அரை இருட்டில் அந்தப் பெரிய முதுகு மட்டும் தெரிந்தது. கூப்பிடாமல் உள்ளே கால் வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

“பிச்சைமணியண்ணே, நௌஷிதா! நௌஷிதா வெளியே நிக்கிறேன்!”

முதுகு அசையவில்லை. பிறகு, தொண்டையில் துரு ஏறிய ஒரு குரல், பழக்கம் விடாத குரல், சுவரைப் பார்த்தபடியே திருப்பிச் சொன்னது.

“நௌஷிதா.”

கொஞ்ச நேரம் கழித்துப் பிச்சைமணி புரண்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் வெறும் நிலையைப் பிடித்துக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.