தண்ணீர் லாரிக்காரர் முழுகிய ஞாயிறு

என் வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். குழாயில் தண்ணீர் வராத தெருக்களுக்கெல்லாம் இவரை விட்டால் வேறு கதி இல்லை. ஹாரன் சத்தம் கேட்டால் போதும், குடமும் வாளியுமாக ஜனம் ஓடி வரும். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் என்றால் யாராவது நம்புவார்களா? கல்யாணமான புதிதில் நானே நம்பவில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, ஒரு நாள் பின்னாலிருந்து தலையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டேன். அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டினார்கள்.

கழுத்துக்குக் கீழேதான் குளிப்பார். முகத்தை ஈரத் துண்டால் ஒற்றிக்கொள்வார், உடனே காய்ந்த துண்டால் துடைத்துவிடுவார். லாரித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க மற்ற டிரைவர்கள் மேலே ஏறி மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். இவர் மட்டும் தொட்டியின் பக்கவாட்டில் விரல் முட்டியால் தட்டி, சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். டிப்போவில் அதற்காக இவருக்கு ஏகப்பட்ட மரியாதை. எட்டிப் பார்க்கப் பயந்துதான் இந்த வித்தையைப் பழகினார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சின்ன வயதில் வாய்க்காலில் விழுந்துவிட்டாராம். "கண்ணைத் திறந்தா ஒரே பழுப்பு. மூக்குல, வாயில எல்லாம் தண்ணி. மேல எது, கீழ எதுன்னு தெரியல" என்பார். எப்போது கேட்டாலும் கதை இந்த இடத்தில் நின்றுவிடும். அண்ணன் குதித்து இவரைத் தூக்கினார் என்பதையே அந்த அண்ணன், அதாவது என் மூத்தார், சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

மூத்தார் நல்ல விசுவாசி. "என் தம்பி ஒரு நாள் ஞானஸ்நானம் எடுப்பான்" என்று போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எங்கள் சபையில் அதற்குத் தலை முழுகத் தண்ணீருக்குள் போய் எழ வேண்டும். தம்பியோ சபை வாசலோடு சரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேதபாட வகுப்புக்கு என்னை லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஜன்னலோரமாக நிறுத்திக்கொண்டு உள்ளேயே தூங்குவார். மூத்தாரை அடக்கம் பண்ணிவிட்டு வந்த பிறகுதான் ஏதோ மாறியது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"அந்தப் பேதுரு கடல் மேல நடக்கப் படகை விட்டு இறங்கினாரே, அது தைரியமா, திமிரா?"

எனக்குக் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "நீங்க லாரியில தூங்கலையா?"

"தூக்கம் வரல. உங்க பாஸ்டருக்கு நல்ல தொண்டை. ஜன்னல் வழியா எல்லாம் கேக்குது."

அதற்கப்புறம் லாரியின் கண்ணாடி எப்போதும் இறங்கியே இருந்தது. கொஞ்ச நாளில் ஆளே இறங்கி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் எழுந்து போய்விடுவாரோ என்று பயம். கழுத்து வலிக்க வலிக்க நேராகவே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பாஸ்டர் வயதில் சின்னவர். ஆளாளுக்கு ஒரு வசனம் படிக்க வைப்பார். படிக்கிறவர் நடுவில் நிறுத்தினால் விடமாட்டார். "வாக்கியத்தை முடிங்க" என்பார். "பாதியைப் பிடிச்சிக்கிட்டுத்தான் நாம பயந்து சாகுறோம். மீதியையும் படிங்க, அதுக்கப்புறம் பயப்படணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணலாம்." இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கே வழக்கமாகிவிட்டது. வகுப்பில் யாராவது ஒரு பேச்சை ஆரம்பித்து இழுத்தால், வாக்கியத்தை முடியுங்கள் என்று மற்றவர்கள் கிண்டல் பண்ணுவோம்.

ஞானஸ்நானத்தைப் பற்றிப் பவுல் எழுதிய பகுதி வந்தது. கிறிஸ்துவோடுகூட நாமும் அடக்கம் பண்ணப்பட்டோம் என்ற இடத்தை இவருக்கு வாசிக்கக் கொடுத்தார் பாஸ்டர். அடக்கம் என்ற வார்த்தை வந்ததும் இவர் குரல் நின்றுவிட்டது.

"வாக்கியத்தை முடிங்கண்ணே."

இவர் மீதியை வாசித்தார். கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுப்பப்பட்டதுபோல நாமும் புது ஜீவனில் நடக்கும்படிதான் அந்த அடக்கம் என்று அது முடிந்தது. வாசித்துவிட்டு இன்னொரு தரம் தனக்குள்ளேயே வாசித்தார். பிறகு தலையைத் தூக்கினார்.

"பாஸ்டர், தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் இருக்கணும்?"

"ஒரு நொடிண்ணே. நான் பிடிச்சிருப்பேன்."

"கிறிஸ்து எனக்காக மூணு நாள் கல்லறையில இருந்தாரு. நான் ஒரு நொடி இருக்க மாட்டேனா?"

வகுப்பே கை தட்டியது. நான் அழுதேன், சிரித்தேன், பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். சந்தோஷத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை!

ஆனால் பயம் லேசில் விடுமா? முதல் தடவை தேதி குறித்தபோது இருமல் என்றார். இரண்டாவது தடவை லாரிக்கு டயர் மாற்ற வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமையில் என்ன டயர்? நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாவது தேதிக்கு அவரே அண்ணிக்கு, மூத்தாரின் மனைவிக்கு, போன் பண்ணினார். முட்டி வலியோடு பஸ்ஸில் உட்கார்ந்து வந்து இறங்கினார் அண்ணி. "அவரு இருந்து பார்க்க வேண்டியது. அவருக்குப் பதிலா நான் பார்க்கிறேன்" என்றார். இந்தத் தடவையும் தள்ளிப்போனால் இவர் அப்படியே நழுவிவிடுவார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும்போதெல்லாம் இதே ஜெபம்தான். வெள்ளை அங்கியை நானே தைத்து, மடிப்புக் கலையாமல் எடுத்து வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் காலி லாரியிலேயே சபைக்குப் போனோம். எங்கள் சபையில் ஞானஸ்நானத் தொட்டி மேடைக்கு அடியில் இருக்கிறது. மேடைப் பலகைகளைத் தூக்கினால் படிகளோடு சிமெண்டுத் தொட்டி. சபையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் முந்தின நாளே குழாயை விட்டு நிரப்பிவிட்டேன் என்று சொல்லியிருந்தார். பெருமையாகப் பலகையைத் தூக்கினார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அடி ஓட்டையை அடைக்கிற ரப்பர் இற்றுப்போயிருந்ததை அவர் கவனிக்கவில்லை. நிரப்பினதெல்லாம் அந்த ஓட்டை வழியே போய்விட்டது. ஓடிப்போய்க் குழாயைத் திறந்தார். அன்றைக்கென்று பார்த்து அதில் காற்றுதான் வந்தது. பெரியவருக்கு அழுகையே வந்துவிட்டது.

பாஸ்டர் தலையைச் சொறிந்தார். "என்ன பண்றது? அடுத்த மாசம் வச்சிக்கலாம்."

நான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது! பரீட்சை தள்ளிப்போன பிள்ளை முகம். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"சந்தோஷமா உங்களுக்கு?"

"நான் என்ன பண்ணேன்? தண்ணி இல்லைன்னா நான் என்ன பண்ண முடியும்?"

தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி குறுக்கே வந்தார். "அதனால என்ன தம்பி? அடுத்த மாசம் நான் மறுபடி வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே பெஞ்சைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தார். உட்காரும்போது முட்டி வலியில் முகம் சுருங்கியது. வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். பிறகு காலித் தொட்டியைப் பார்த்தார். விறுவிறுவென்று வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

போய்விட்டார்! அண்ணியையும் என்னையும் அம்போ என்று விட்டுவிட்டு ஓடியே போய்விட்டார். ஆராதனை ஆரம்பித்தது. எல்லாரும் பாடினார்கள், நான் உதட்டை மட்டும் அசைத்தேன். பாஸ்டர் பிரசங்கத்தை ஆரம்பித்தார். அவர் நம்பிக்கையைப் பற்றிப் பேசினாராம். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. மடியில் இருந்த அங்கியின் மடிப்பைக் கசக்கிக்கொண்டே, அவர் வீட்டுக்கு வரட்டும் என்று கருவிக்கொண்டிருந்தேன்.

அப்போது வெளியே லாரி பின்னால் எடுக்கும்போது வருமே, அந்தக் கீச்சு கீச்சென்ற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் தூக்கத்தில் கேட்டாலும் கண்டுபிடிப்பேன். ஜன்னலுக்கு வெளியே பச்சைத் தொட்டி மெதுவாகப் பின்னால் வந்து நின்றது. வழக்கமாக அவர் உட்கார்ந்து பாடம் கேட்ட அதே ஜன்னல். அடுத்த நிமிஷம் அதன் வழியாகத் தடியான ரப்பர் குழாயின் மூக்கு உள்ளே நுழைந்தது. அதற்குப் பின்னால் வேர்த்து விறுவிறுத்த வீட்டுக்காரரின் முகம்.

"பாஸ்டர், மன்னிக்கணும். டிப்போவுல முன்னாடி ரெண்டு லாரி நின்னுச்சு. இதைக் கொஞ்சம் யாராவது பிடிங்க!"

பிரசங்கம் அத்தோடு சரி. முன் வரிசையில் இருந்தவர்கள் பாய்ந்து குழாயைப் பிடித்தார்கள். இவர் ஒரு துண்டு பழைய டயர் டியூபோடு உள்ளே வந்து, நேராகக் காலித் தொட்டிக்குள் படி இறங்கினார். டியூபை வெட்டி அடைப்பானில் சுற்றி, ஓட்டையில் இறுக்கி, காலால் மிதித்தார். மேலே ஏறி, வெளியே ஓடி லாரியின் வால்வைத் திறந்தார். தண்ணீர் கொட்டிய வேகத்தில் குழாய் துள்ளியது, பிடித்தவர்கள் நனைந்தார்கள், யாரோ அல்லேலூயா என்று கத்தினார்கள். அந்த இரைச்சலுக்கு மேலே சபை முழுவதும் எழுந்து நின்று பாட ஆரம்பித்துவிட்டது. பெரியவர் அழுதுகொண்டே கை தட்டினார். நான் இந்தத் தடவை வாயைத் திறந்து பாடினேன். சுருதி எங்கே போனதோ தெரியாது.

அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார். பாஸ்டர் முதலில் இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையை நீட்டினார். இவர் முதல் படியில் காலை வைத்தார். இரண்டாவது படி. தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் அப்படியே நின்றுவிட்டார். கொஞ்சம் முன்னால் தடதடவென்று இறங்கிய அதே படிதான். இப்போது கைப்பிடிக் கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயின. பாட்டு ஓய்ந்தது. பாஸ்டர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. இவர் ஒரு காலைப் பின்னால் எடுத்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை.

"என்னங்க! வாக்கியத்தை முடிங்க!"

சபை நடுவில் அப்படிக் கத்தினதற்கு எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. வெள்ளிக்கிழமை வகுப்புக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். "முடிங்கண்ணே! வாக்கியத்தை முடிங்க!" அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பயத்தோடேயே சிரித்தார். கம்பியை விட்டுவிட்டுப் பாஸ்டர் கையைப் பிடித்தார்.

தன் விசுவாசத்தை அவரே சத்தமாகச் சொன்னார். குரல் உதறியது, ஆனால் நிறுத்தவில்லை. பாஸ்டர் ஒரு கையை அவர் முதுகுக்குக் கீழே கொடுத்துச் சாய்த்தார். தலை, முகம், எல்லாம் தண்ணீருக்குள் போயிற்று. அந்த ஒரு நொடி எவ்வளவு நீளம் என்று என்னிடம் கேளுங்கள்!

பிறகு பாஸ்டரின் கை அவரைத் தூக்கியது. தண்ணீர் சிதற எழுந்து நின்றார். இருமினார். வழக்கமாக ஒரு துளி தெறித்தாலே துண்டைத் தேடுகிற கை சும்மா தொங்கியது. எதையோ கண்டுபிடித்தவர்போலக் கண்ணை அகலத் திறந்து, முன் வரிசையைப் பார்த்தார்.

"அண்ணி! முதுகுக்குக் கீழ கை இருந்துச்சு!"

"பாஸ்டர் கைதானே தம்பி?"

"இப்ப பாஸ்டர் கை. அன்னிக்கு அண்ணன் கை. இதே இடத்துல, இதே மாதிரி. இத்தனை வருஷமா உள்ள போனதை மட்டுமே நினைச்சிக்கிட்டு இருந்துட்டேன் அண்ணி. தூக்கினதை மறந்தே போயிட்டேன்!"

அண்ணி பெஞ்சைப் பிடித்து எழுந்தார். முட்டி வலியோடு தொட்டியின் ஓரம் வரைக்கும் நடந்து வந்தார். அவர் கன்னத்திலும் தண்ணீர்தான்.

"பரலோகத்துல அவரைப் பார்க்கும்போது இதை நீங்களே சொல்லுங்க தம்பி."

"சொல்றேன் அண்ணி" என்றார் இவர். நாளைக்கே பார்க்கப்போகிற ஆளைப் பற்றிப் பேசுகிற மாதிரி, அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார்.

நான் துண்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. முகமெல்லாம் தண்ணீர் வழிய, அங்கேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.