உப்புத் தண்ணிக்கு ஒரு வாட்ச்

வாட்ச் கடை மைதீன் பாய், அம்மாசி கொடுத்த வாட்ச்சின் பின்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"மண்ணெண்ணெய்ல தொடச்சியாப்பா?"

"ஆமாங்க பாய். டெய்லி தொடைப்பேன்," என்றான் அம்மாசி, கொஞ்சம் பெருமையாகவே.

கரியாலூர் மலைப் பக்கத்து ஆள் அவன். மலையில் அரிவாளோ கொடுவாளோ, மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்துத்தான் கூரை எரவாணத்தில் செருகுவார்கள். துரு கிட்டே வராது. இரும்புக்கு ஆகிறது வாட்ச்சுக்கு ஆகாதா என்று நினைத்துவிட்டான்.

"நாசமா போச்சு. தண்ணிய உள்ள வுடாம தடுக்கறதே இந்த ரப்பர் வளையம்தான். மண்ணெண்ணெய்ல ஊறி உப்பிக்கினு கெடக்குது பாரு. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணில கழுவனா போதும்பா."

வெட்கப்படக்கூட அம்மாசிக்குத் தெம்பில்லை. மரக்காணத்துப் பக்கம் இறால் குட்டையில் அவனுக்கு வேலை. இரவும் பகலும் தீனி போட்டு, சொன்ன நேரம் கழித்து, இடுப்பளவு உப்புத் தண்ணீரில் இறங்கித் தீனித் தட்டைத் தூக்கி இறால் எவ்வளவு தின்றது என்று பார்க்க வேண்டும். முன்னே தூக்கினால் தீனி மிச்சம் இருக்கும், பின்னே தூக்கினால் தட்டு துடைத்த மாதிரி இருக்கும். எப்படிப் பார்த்தாலும் திட்டு அவனுக்குத்தான். செல்போனை எடுத்துப் போய் அதையும் குட்டைக்குக் காவு கொடுத்தாயிற்று. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அம்மாசிக்கு உடம்பெல்லாம் உப்புதான், தனியாக வேறு நினைக்க வேண்டுமா!

கடைசியாக வாட்ச் நின்றபோது மேஸ்திரி கத்தினார்: "இன்னொரு தபா நேரம் தப்புச்சு, மலைக்கே போயிடு." திட்டாகச் சொன்னது அவன் காதில் வரம் போல விழுந்தது. ஒவ்வொரு முறையும் 'இந்த இறால் அறுப்போட சரி' என்று சொல்லிக்கொண்டுதான் போகிறான். அதனால்தான் இருப்பதிலேயே மட்டமான வாட்ச்சாக வாங்குவான். விட்டுவிட்டு வரப்போகிற வேலைக்கு உசத்தியான வாட்ச் எதற்கு?

இந்த முறை மனசுக்குள் ஒன்று முடிந்து வைத்திருந்தான். மனைவி பாப்பாத்தி 'வேணாம், வந்துடு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மரக்காணத்துக்கு பஸ் ஏறப்போவதில்லை. அதற்காகத்தான் மலையிலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் அவளையும் அழைத்து வந்தான். அவளோ வழியெல்லாம் வாயே திறக்கவில்லை.

பாய் இரண்டு வாட்ச்சை எடுத்து வைத்தார். ஒன்று மஞ்சள் செயின் போட்டது, பளபளப்பு. இன்னொன்று கறுப்பு ரப்பர் பட்டை, தடியாக, பார்க்க லட்சணமே இல்லாதது.

"மஞ்சள் உப்புல வெளுத்துடும். கறுப்புதான் உனக்கு. மூடியும் திருகாணி, சாவியும் திருகாணி, தண்ணி எறங்காது. பத்து வருசம் ஆனாலும் ஒண்ணும் ஆவாது."

பத்து வருசம் என்றதும் அம்மாசி மஞ்சள் வாட்ச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அத்தினி வருசம் இன்னாத்துக்கு பாய்? இந்த அறுப்பு வரைக்கும் ஓடனா போதும். மஞ்சளே குடுங்க."

"போன வாட்டியும் இதத்தான் சொன்ன."

அம்மாசி ஓரக்கண்ணால் பாப்பாத்தியைப் பார்த்தான். அவள் அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலிடுக்கெல்லாம் உப்பில் ஊறி வெளுத்து வெடித்திருந்தது. ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"கறுப்பயே குடுங்க பாய்," என்றாள்.

அவ்வளவுதான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. கடைப் படியிலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. மலையில் கூலி கிடைக்கிற நாளைவிடக் கிடைக்காத நாள்தான் ஜாஸ்தி என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் மனசு கேட்குமா?

பாய் பட்டையை அவன் கையில் கட்டி அளவு பார்த்துக் கழற்றினார். பாப்பாத்தி கண்ணாடி வளையலை மேலே தள்ளிவிட்டுத் தன் கையை நீட்டினாள்.

"என் கை அளவுக்கும் ஒரு ஓட்ட போட்டு வுடுங்க."

"உனுக்கு இன்னாத்துக்கு?" என்றான் அம்மாசி.

"குட்டைக்கு சோடியா வந்தா தங்கறதுக்குக் கொட்டாய் குடுப்பாங்கன்னு நீதான சொன்ன? பகல்ல நீ கட்டிக்க. ராவுல நான் கட்டிக்கறேன். மாத்தி மாத்தித் தூங்கலாம்."

"அப்ப வூடு?"

"பூட்டிக்கினு வர்றதுதான். பொண்ணையும் கட்டிக் குடுத்தாச்சு. ஆளில்லாத வூட்ட எத்தினி நாளைக்குத்தான் பெருக்கிக்கினு கெடக்கறது?"

பாய் பட்டையைப் பலகையில் வைத்துக் கூர்க்கம்பியால் குத்தினார். வந்துவிடு என்பாள் என்று இருந்தான். அவள் வருகிறேன் என்கிறாள். இனி அங்கே தனியாகக் கிடக்க வேண்டாம் என்று ஒரு சந்தோஷம் வந்தது. கூடவே, அவள் காலும் வெடிக்குமே என்று கவலையும் வந்தது. திரும்பி வருவதற்கென்று இருந்த ஒரே வீட்டுக்கும் பூட்டு.

பாப்பாத்தி வாட்ச்சைக் கட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"நல்ல தண்ணிலதான் கழுவணும்," என்றான் அம்மாசி. "மண்ணெண்ணெய் போட்டுடாத."