ஒட்டுப் போட்ட விரிசல்

என் கல்லுக்கு என் புருஷன் பூவரசன் வைத்தியம் பார்த்துவிட்டார். முந்நூறு சுற்றில் இன்னும் இரண்டே சுற்றுதான் பாக்கி.

உள்ளங்கை அகலக் கருங்கல் அது. சூரியனைச் சுற்றும் சின்ன விண்கற்கள் எப்படி உடைந்து பொடியாகின்றன என்பதுதான் என் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். அங்கே காற்றும் இல்லை, மழையும் இல்லை. கல் தன்னைத்தானே சுற்றும்போது வெயில் படும் பக்கம் விரிகிறது, நிழலுக்குப் போனதும் சுருங்குகிறது. உள்ளே இருக்கும் தாதுக்கள் ஒரே அளவாக விரிவதில்லை, ஒன்றையொன்று நெட்டித் தள்ளுகின்றன. மயிரிழை விரிசல் துளித் துளியாக நீண்டு, ஒரு நாள் கல் இரண்டாகிவிடும்.

இதை எங்கள் அரூர் வீட்டுச் சமையலறையில் செய்து பார்த்தேன். இரண்டு மணி நேரம் ஓவன், இரண்டு மணி நேரம் ஃப்ரீசர், ஒரு நாளைக்கு மூன்று சுற்று. ஒவ்வொரு முறையும் போனில் செருகும் மைக்ராஸ்கோப்பால் விரிசலைப் படமெடுத்து அளந்தேன். நாலு மில்லிமீட்டர் விரிசல் பதினொன்றாகியிருந்தது.

அந்த நூறு நாளும் பேச்சு வாங்கினேன். "கல்லு வெந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் பூவரசன் வீட்டுக்குள் நுழைவார். விருந்தாளி வந்தால், "எங்க வூட்டுல கல்லுக்குத்தான் மொதச் சோறு" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

அவருக்குத் தீர்த்தமலை ரோட்டில் கிரானைட் பாலிஷ் யார்டில் வேலை. வெடித்த பலகையில் பசையோடு கருப்புப் பொடி கலந்து ஊற்றி, தேய்த்து, வாங்குகிறவர் கண்ணுக்கே தெரியாமல் செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

சனிக்கிழமை தருமபுரி காலேஜுக்குப் போய் என் ப்ராஜெக்ட் கைடு நவநீதன் சாரைப் பார்த்தேன். "திங்கக்கிழமை கடைசிப் படம் வேணும்மா. அது இல்லாம வைவா கெடையாது" என்றார். இந்த வருஷம் முடிக்காவிட்டால் படிப்பை மூட்டைகட்டிவிட வேண்டும் என்று வீட்டில் ஏற்கெனவே சொல்லியாயிற்று. பஸ் பிடித்து ஓடிவந்தேன்.

பூவரசன் வாசலிலேயே கல்லை நீட்டினார். அது பளபளவென்று இருந்தது.

"பாத்தியா தேவி? வெடிப்பு இருந்த எடமே தெரியல. யார்டுக்கு எடுத்துட்டுப் போயி நானே தேச்சேன்."

கல்லைப் பிடுங்கிக்கொண்டேன். "யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"வெடிச்ச கல்லக் கொண்டுபோயி சாருகிட்டக் காட்டுனா சிரிக்க மாட்டாங்களா? நல்லதுதான பண்ணேன்?"

"அந்த வெடிப்புதாங்க என் படிப்பு!"

நான் கத்தியதில் எதிர் வீட்டு சசிகலா எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

"எனக்கெப்படித் தெரியும்? நீ சொல்லவேயில்லையே."

"சொல்ல வாயத் தொறந்தப்பெல்லாம் 'பெரிய விஞ்ஞானி வந்துட்டா'ன்னீங்க. நூறு நாளா இந்தக் கல்ல வச்சிச் சிரிச்சீங்களே, எதுக்குன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

"சரி, இப்பச் சொல்லு."

சொன்னேன். ஓவன், ஃப்ரீசர், விண்கல், எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன்.

அவர் உதட்டைப் பிதுக்கினார். "அடிக்காம கல்லு எப்படி ஒடையும்? போயி வேற யாருகிட்டயாச்சும் சொல்லு."

உள்ளே போய்ப் பையில் துணியை அடைத்தேன். போனில் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுப் படங்கள் இருந்தன. அக்கா தருமபுரியில்தான் இருக்கிறாள். அங்கே தங்கி, திங்கட்கிழமை இருக்கிற படங்களோடு சார் முன்னால் போய் நிற்பதென்று முடிவு செய்தேன். சார் கையெழுத்துப் போடாவிட்டாலும் இந்த வீட்டுக்குத் திரும்புவதாக இல்லை.

பையைப் பார்த்ததும் பூவரசன் வாசலை மறித்தார். "ஒரு கல்லுக்காவா வூட்ட வுட்டுப் போற? இந்த அஞ்சு வருஷத்துல உன்ன ஒரு அடி அடிச்சிருப்பனா?"

கல்லை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"இதையும் யாரும் அடிக்கலீங்க."