மக்கீன் நானா வெட்டிய வானம்

கரண்ட் போனால் ஊரே திட்டும். என் வீட்டுக்காரர் மஹ்ரூப் மட்டும் சந்தோஷமாக மொட்டைமாடிக்கு ஏறுவார். ஊராருக்குத் தைக்கும் ஹஜ்ஜுப் பெருநாள் உடுப்புகள் தையல் மெஷினில் பாதியில் நிற்க, நானும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஏறுவேன். மாத்தளை டவுன் இருண்டு கிடந்தால்தான் ஓரியன் நெபுலா என்று அவர் சொல்லும் அந்த நட்சத்திர முகில் படத்தில் விழுமாம்.

அவருடைய சின்னத் தொலைநோக்கியில் பார்த்தால், கண்ணாடியில் ஊதிய மூச்சு மாதிரித் தெரியும். அதற்காகவா இத்தனை பாடு என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. வானம் நகர்ந்துகொண்டே இருப்பதால், கமராவைத் திறந்து வைத்திருக்கும் வரைக்கும் தொலைநோக்கியையும் கையால் திருகி நகர்த்த வேண்டும். ஹாட்வெயார் கடையில் மூட்டை தூக்கிய கை அவருக்கு. அவர் திருகினால் நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக இழுபடும். தைத்துப் பழகிய என் கைதான் சரி என்றார். ஒரு தேத்தண்ணி ஆறும் நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகுவேன். ஏற்கனவே தைத்துத் தைத்து விறைத்த கழுத்து இன்னும் பிடித்துக்கொள்ளும்.

சனிக்கிழமை அவர் கட்டாருக்கு வேலைக்குப் போகிறார், இரண்டு வருஷத்துக்கு. போகுமுன் ஒரே ஒரு நெபுலாப் படம், கையில் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை. அதுவரை ஒன்றுகூட ஒழுங்காக வந்ததில்லை.

இருட்டுப் படங்களில் எது எங்கே முடிகிறது என்று ஸ்டூடியோக்காரர்களுக்குத் தெரியாது. அதனால் பிலிம் ரோலின் முதல் படத்தை வெயிலில் எடுத்துவிட வேண்டும். அதிலிருந்து அளந்து மற்றதை வெட்டுவார்கள். மாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த என்னையே மஹ்ரூப் முதல் படமாக எடுத்தார்.

ரோலைக் கழுவக் கொடுத்தது என் மாமா மகன் மக்கீன் நானாவின் ஸ்டூடியோவில். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவரே கவரோடு வந்தார். முகமெல்லாம் வியர்வை.

"தங்கச்சி, மொதல் படத்த எரிச்சிட்டேன்."

"என்னத்துக்கு நானா?"

"உங்களுக்குப் பின்னால ஆமிட சென்றிப் பொயின்ட் ஈக்கிது. மணல் மூட்டை, துவக்கு, எல்லாம் தெளிவா. போன வருஷம் ஒரு கலியாணப் படத்துக்கே என்னைய உள்ள வெச்சி விசாரிச்சாங்க. இன்னொருக்கா ஏலாது."

சண்டை நிற்கப்போகிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. மக்கீன் நானாவின் பயம் இன்னும் நிற்கவில்லை. பதற்றத்தில் முதல் படத்தைக் கண்டபடி வெட்டி எரித்ததால் மற்றதை அளக்க வழியில்லாமல், குத்துமதிப்பாக வெட்டியிருக்கிறார்.

மஹ்ரூப் பிலிமை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். நட்சத்திரங்கள் புள்ளி புள்ளியாக நின்றன. ஒன்றுகூட இழுபடவில்லை. ஆனால் நெபுலாவில் பாதி ஒரு துண்டின் கடைசியில், மீதி அடுத்த துண்டின் தொடக்கத்தில். கத்தரி சரியாக நடுவால் போயிருந்தது.

"ஒங்கள்ல பிழையில்ல மச்சான்," என்றார் மஹ்ரூப். "புடிச்சா ரெண்டு பேரையும்தான் புடிப்பாங்க."

அவர் ஒரு சத்தம் போட்டிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. உடுப்புக் காயப்போடும் பொம்பளையின் படத்துக்கும் பயப்பட வேண்டியிருக்கிறதே, இதை யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

மக்கீன் நானா போனதும் மஹ்ரூப் தொலைநோக்கியைப் பெட்டியில் வைக்கத் தொடங்கினார்.

"வெளிய எடுங்க," என்றேன். "இன்னொரு ரோல் ஈக்கிதே. இன்டக்கும் எடுப்பம். கழுவி நான் அனுப்புறேன்."

"பெருநாள் உடுப்பு?"

"அது கெடக்கட்டும்."

கழுத்தைத் திருப்பவே முடியவில்லை. இருந்தாலும் அந்தப் படம் இப்போது எனக்கும் வேண்டும்போல் இருந்தது. பொழுது பட்டதும் மஃரிப் தொழுதுவிட்டு, மாடியில் தொலைநோக்கியையும் கமராவையும் பொருத்தி வைத்து, கரண்ட் போகக் காத்திருந்தோம். தினமும் போகும் நேரம் கடந்தது. தெருவிளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கீழே யாரோ, "இனிமே கரண்ட் கட் இல்லையாம்!" என்று கத்த, தெருவே கைதட்டியது. விளக்கு வெளிச்சத்தில் வானம் வெளிறிப்போய்க் கிடந்தது. யா அல்லாஹ், இந்தக் கரண்ட் போகட்டும் என்று வாய்விட்டே கேட்டேன்.

போகவில்லை. மஹ்ரூப் தொலைநோக்கிக் கண்ணாடிக்கு மூடி போட்டார்.

"நீங்க போய்த் தைங்க நூரு. கரண்ட் தான் ஈக்கிதே."

கீழே இறங்கி மெஷினில் உட்கார்ந்தேன். பெருநாள் உடுப்பெல்லாம் எல்லாருக்கும் நேரத்துக்குக் கிடைத்தது. மஹ்ரூப் மட்டும் வெறுங்கையோடு கட்டாருக்குப் போனார்.