பழக்கிய ஷூ

செருப்புக் கடையில் அவருக்கு அளவுக்காரர் என்று பெயர். வாசலில் நுழைகிற காலைப் பார்த்தே ஏழா எட்டா என்று சொல்லிவிடுவார். ஊரார் கால்களைப் பார்த்தே முப்பது வருஷம் பிழைப்பை ஓட்டியவர், தன் காலை மட்டும் ஒழுங்காகக் குனிந்து பார்க்கவில்லை.

வலது கால் கட்டைவிரல் நகம் மஞ்சளாகி மூன்று வருஷமாகிறது. பரணிலிருந்து பெட்டி விழுந்த அடி என்று தானே ஒரு காரணம் கட்டிக்கொண்டார். நகம் தடித்து ஓரம் மாவாக உதிர்ந்தபோதும் சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். டாக்டரிடம் காட்டச் சொல்லிச் சொல்லி மனைவிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"நகத்துக்கெல்லாம் ஒரு டாக்டரா?" என்று சிரித்தார்.

தம்பி பள்ளிக்கூட வாத்தியார். சர்க்கரை வியாதிக்காரன், காலில் புண் வந்தால் லேசில் ஆறாது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே ஏழாம் நம்பர். அதனால் தம்பிக்கு வாங்குகிற ஷூவை அண்ணன் ஒரு வாரம் போட்டு நடந்து பழக்கி, தோல் இளகிய பிறகே கொடுப்பார். அதுவும் வெறுங்காலில். அப்போதுதான் எங்கே கடிக்கிறது என்று தெரியுமாம். கடிக்கிறதெல்லாம் தன் காலைக் கடித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார், பாவம்.

போன வருஷம் தம்பியின் வலது கட்டைவிரல் நகமும் மஞ்சளானது. தடித்த நகத்தைத் தானே வெட்டப் போய், சதையையும் சேர்த்து வெட்டிக்கொண்டான். கால் மரத்துப் போயிருந்ததால் வலி தெரியவில்லை. புண் உள்ளுக்குள் புரையோடி, கடைசியில் கட்டைவிரலையே எடுக்க வேண்டியதாயிற்று.

"எல்லாம் நகப் பூஞ்சையில ஆரம்பிச்சது. ஷூவுக்குள்ளயே தங்கி ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்குத் தொத்தும்" என்று டாக்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னபோது, அளவுக்காரர் தன் காலைப் பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டார். அன்றைக்கே நகத்தைக் காட்டினார். மாத்திரை எழுதிக் கொடுத்து, நல்ல நகம் முழுசாக வளர ஒரு வருஷமாவது ஆகும் என்றார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதைச் செய்திருந்தால் என்ன கேடு வந்திருக்கும் என்று தன்னையே நொந்துகொண்டார்.

தம்பி மறுபடி பள்ளிக்கூடம் போக இருந்த நாளுக்கு முன்தினம், புது ஷூவைப் பெட்டி பிரிக்காமல் கொண்டுபோய் வைத்தார். தம்பி தோலை அழுத்திப் பார்த்தான்.

"என்னண்ணா, பழக்கலையா?"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் பழக்கினதுதான்டா உன் விரலத் தின்னுடுச்சு. என் நகத்துலேர்ந்துதான் உனக்கு வந்துருக்கு. மூணு வருஷமா தெரிஞ்சும் காட்டாம இருந்துட்டேன்."

"தெரியும்ணா."

"எப்படி?"

"யாரோட ஷூவயாவது போட்டீங்களான்னு டாக்டர் என்னைக் கேட்டார். இல்லைன்னுட்டேன். நீங்க வெளியில நின்னீங்க. உங்க காதுல விழுந்துடக் கூடாதேன்னு மெதுவாத்தான் சொன்னேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். வலது ஷூவை மடியில் வைத்து, கையை உள்ளே விட்டு, கட்டைவிரல் படுகிற இடத்தை முஷ்டியால் அழுத்தி அழுத்தி இளக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைக்கக்கூட நிறுத்தவில்லை.

தம்பி அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அந்த இடத்தை விடுங்கண்ணா" என்றான். "அங்க கடிக்க ஒண்ணும் இல்ல."