ஜோடி ஊசியிலைகள்

மெய்ஜி 9 (1876), நவம்பர் 14.

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. யசபுரோ செதுக்கிய வாள் கைக்காப்பில், பிடிக்கும் அலகுக்கும் நடுவே மாட்டும் அந்த இரும்புத் தகட்டில், பைன் கிளை இருப்பதாக எழுதிவிட்டேன். கிளை இல்லை, உதிர்ந்த ஊசியிலைகள் மட்டும்தான். மாலைப் பள்ளி முடிந்து வந்து தூக்கக் கலக்கத்தில் எழுதியது. கிளை என்றால் நீண்ட ஆயுள். காய்ந்து விழுந்த பிறகும் அடியில் ஒட்டியே கிடக்கும் இரட்டை இலை என்றால் கணவன் மனைவி. இரண்டும் ஒன்றல்ல.

யசபுரோ எங்கள் பட்டறை முதலாளி குவஜிமாவின் மருமகன். வாள் அணியக் கூடாதென்று உத்தரவு வந்து வேலை நின்றதும், "சோறு போட வக்கில்லாதவன்" என்று சொல்லி முதலாளி தன் மகள் நுயியைத் திரும்ப அழைத்துக்கொண்டார். யோகோஹாமா துறைமுகத் தரகர் வாங்கும்படி ஒரு கைக்காப்பு செய்தால் அவளை அனுப்புவதாகச் சொன்னார். கோடை முழுவதும் இரும்பை அறுத்து, ராவி, நிறத்துக்காகத் துருவேற்றி அவன் செய்தது இது.

இன்று தரகர் சுருமகி வந்தார். நுயி தேநீர் வைத்தாள்.

"மாப்ளே, இதுக்கு என்ன அர்த்தம்னு ஐயாவுக்குச் சொல்லு," என்றார் முதலாளி.

"காஞ்சு உதிர்ந்தாலும் ரெண்டும் பிரியாதுங்க," என்றான் யசபுரோ, நுயியைப் பார்க்காமல்.

தரகர் சிரித்தார். "கப்பல்ல வாங்கிட்டுப் போறவனுக்கு இது விளங்குமா? காகிதம் பறக்காம இருக்க மேல தூக்கி வைப்பான். கவட்டை கவட்டையா இருக்கு. ஒத்தை ஒத்தையா இருந்தா புல்லுன்னாவது சொல்லி வித்துடுவேன்."

முதலாளி உளியை நீட்டினார். "கேட்டியா? ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணைத் தட்டி எடு. அவரு வாங்கட்டும். நீ உன் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போ."

"மாமா, இதை நுயிய நெனச்சுத்தான்..."

"நுயி வேணுமா, இரும்பு வேணுமா?"

அவன் உளியை வாங்கினான். பட்டடையின் மேல் தகட்டைப் பிடித்துக்கொண்டது நான்தான். கையை எடுத்திருக்கலாமோ, தெரியவில்லை. மெல்லிய இரும்பு, ஒரே தட்டில் ஒவ்வொன்றும் முறிந்தது. கடைசி இலை விழும்வரை நுயி தேநீர்த் தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

முதலாளி தூசியை ஊதித் தகட்டைத் தரகரிடம் கொடுத்தார். "பாத்தீங்களா ஐயா? தன் கையாலயே அத்தனை ஜோடியையும் பிரிச்சுட்டான். இவனை நம்பி எவனாவது பொண்ணை அனுப்புவானா?"

தரகர் சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது.

"நீங்கதானே மாமா சொன்னீங்க..."

"கழுத்தை அறுத்துக்கன்னா அறுத்துக்குவியா?"

யசபுரோ நுயியைப் பார்த்தான். அவள் குனிந்து பாயைத் துடைத்தாள். "அப்பா சொன்னா, நீங்க செஞ்சுடுவீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு வாசலில் கட்டி வைத்திருந்த தன் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முறிந்த இலைகளையாவது கொடுங்கள் என்று அவன் கேட்டான். "இரும்பு என்னோடது," என்று முதலாளி அவற்றைக் கழிவுக் கூடையில் போட்டார்.

நாளை: முறிந்த அடிகளை ராவி, அந்த இடங்களில் மட்டும் துருவேற்ற வேண்டும். தரகருக்கு அனுப்பும் பெட்டியின் மேல் 'புல்' என்று எழுத வேண்டும்.