இடமாகச் சுற்றும் கிணறு

சரவணம்பட்டிக்கு வடக்கே, திருமலைசாமி நாயுடு தோட்டத்து வட்டக் கிணற்றில் தண்ணீர் 1958ஆம் வருஷம் ஆவணி மாதத்திலிருந்து இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு வேப்பிலையைப் போட்டால் அது சுவரோரமாகவே போய், போட்ட இடத்துக்குத் திரும்பி வரும். மோட்டார் ஓடியபோதும் வந்தது, நின்றபோதும் வந்தது. பம்புசெட்டுக் கம்பெனியிலிருந்து வந்த மெக்கானிக் அரை நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மோட்டாரில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கோளாறு நஞ்சப்பன்தான். அவன் தினமும் அந்தக் கிணற்றில் நீந்தினான். அவன் ஏறிப்போன பிறகும் தண்ணீர் நிற்கவில்லை.

நஞ்சப்பன் அந்தத் தோட்டத்துப் பண்ணையாள். ஓடைக்கு அந்தப்புறம் பண்ணையாட்களின் முப்பது குடிசைகள் இருந்தன. அதற்கு வளவு என்று பெயர். கிணற்றை வெட்டியதே வளவு சனந்தான். வெடி வைத்து உடைத்த கல்லைத் தலையில் சுமந்து மேலேற்றியவர்களில் நஞ்சப்பனின் அப்பனும் ஒருவன். வெட்டி முடித்துத் தண்ணீர் கண்டதும் பொங்கல் வைத்தார்கள். மறுநாளிலிருந்து வளவுக்காரர் யாரும் அதில் ஒரு சொம்பு மொள்ளக் கூடாது. ஒன்றரை மைல் நடந்து, பாசி படிந்த கல்குழித் தண்ணீரைத்தான் சுமந்து வந்தார்கள். நஞ்சப்பன் நீச்சல் பழகியதும் அந்தக் கல்குழியில்தான். அவனுக்கும் மனைவி பாவாத்தாளுக்கும் இருந்தது ஒரே மகள். நாலு வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து, ஒரே நாள் பேதியில் போய்விட்டாள். பாவாத்தாள் மறுநாளும் அந்தக் கல்குழிக்கே குடத்தைத் தூக்கினாள். வேறு தண்ணீர் ஏது?

1957 மாசியில், நாயுடு அந்தியூர்ச் சந்தையில் பிடித்து வந்த மயிலைக்காளை கிணற்றுக்குள் விழுந்தது. நஞ்சப்பன் யாரையும் கேட்கவில்லை, குதித்துவிட்டான். வடக்கயிறும் ஆட்களும் வந்து சேரும்வரை, கஞ்சி நேரத்திலிருந்து பொழுது சாயும்வரை, காளையின் முகத்தைத் தண்ணீருக்கு மேலே ஏந்திப் பிடித்திருந்தான். காளை பிழைத்தது. கிணற்றில் இறங்கியதற்கு அவனைக் கட்டிவைத்து அடிப்பதா, காளையைக் காப்பாற்றியதற்கு வேட்டி எடுத்துக் கொடுப்பதா என்று ஊர் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் திருமலைசாமி நாயுடு அவனைக் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு ஒரு நூல் மில்லும் இருந்தது. யாரோ கடலை நீந்திக் கடந்த போட்டோவைப் பேப்பரில் பார்த்ததிலிருந்து, மில் பெயரும் அப்படி வர வேண்டும் என்று ஆசை பிடித்து ஆட்டியது.

"தனுஷ்கோடியில குதிச்சு சிலோன்ல ஏறோணும். இருபது மைலு. முடியுமாடா?"

"முடியுஞ் சாமி."

"என்ன வேணும், கேளு."

"கயிறு வேணுஞ் சாமி. வளவு சனம் இந்தக் கெணத்துல தண்ணி எறைக்கறதுக்கு ஒரு கயிறு."

நாயுடு மீசையைத் தடவினார். "தாண்டிட்டு வா. ஒண்ணென்ன, ரண்டு கயிறு போடறேன்."

பழகுவதற்காக நஞ்சப்பன் மட்டும் அந்தக் கிணற்றில் இறங்கலாம் என்று ஆயிற்று. கிணற்றுச் சுவரில் படிக்குப் பக்கத்து மாடத்தில் கன்னிமார் ஏழு கல்லாக இருந்தார்கள். நாயுடுவின் மனைவி பங்காரம்மா அதைத்தான் நினைத்தாள். "வலமாச் சுத்துனா கன்னிமாரக் கும்புட்டாப்பல ஆயிரும். அவன் எடமாவே சுத்தட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மில் குமாஸ்தா பாலகோபால் அளந்து பார்த்து, ஒரு சுற்று நூற்றுப் பத்தடி, இருபது மைலுக்குத் தொள்ளாயிரத்து அறுபது சுற்று என்று சொன்னார். இடமாகத் தொள்ளாயிரத்து அறுபது.

நாலு வருஷம் நடந்தது இது. முதல் வருஷம் ஐம்பது சுற்று, மூன்றாம் வருஷம் எழுநூறு. படியில் கால் வைக்காமல் கரைமேல் உட்கார்ந்து பாவாத்தாள் எண்ணினாள். ஒரு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை மடியிலிருந்து முறத்துக்குப் போகும். பண்ணை வீட்டிலிருந்து தினம் பாலும் முட்டையும் வந்தன. கொட்டாங்குச்சியில்தான் வந்தன. கோடையில் ஊரெல்லாம் கிணறு வறண்டபோது அந்தக் கிணறு மட்டும் வற்றவில்லை. சுற்றுகிற தண்ணீருக்கு ஆவியாகப் போக நேரமில்லை என்று பாலகோபால் விளக்கம் சொன்னார். கரும்பும் அந்தத் தண்ணீரைக் குடித்து இடப்பக்கமாகத் திருகி வளர்ந்தது. வளவுக்கு மட்டும் அதே கல்குழிதான்.

நஞ்சப்பன் நேராக நடக்க மறந்துபோனான். சந்தைக்குக் கிளம்பினால் மூன்று மைல் வளைந்து நடந்து, மறுபக்கமாக வளவுக்கே வந்து சேருவான். பாவாத்தாள் அவன் வலக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடந்தால்தான் ஒரு இடத்துக்குப் போக முடியும். அவள் தோட்டத்துக்குப் போய், வேலிக்கு வெளியே நின்று சொன்னாள்.

"ஏனுங்க சாமி, ஒரு மாசமாச்சும் கடலோரத்துல பழகட்டுமுங்க. அவருக்கு நேராப் போவ வர மாட்டேங்குது."

நாயுடு சிரித்தார். "கடல்ல சொவரேது? அங்க போனாத் தன்னால நேராப் போவான்."

1961 பங்குனியில் தனுஷ்கோடிக்கு ரயிலேறிப் போனார்கள். அவள் எண்ணாவிட்டால் நஞ்சப்பனுக்குக் கை ஓடாது என்பதால் பாவாத்தாளையும் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. அவள் அப்போதுதான் கடலைப் பார்த்தாள். இவ்வளவு தண்ணீரையும் யாருக்கும் இல்லை என்று சொல்லாமல் வைத்திருக்கிறார்களே என்று அவளுக்கு அழுகை வந்தது. விளக்கெண்ணெயும் மில் கிரீசும் பூசி, மில் பெயர் போட்ட பனியனோடு நஞ்சப்பன் காலை ஆறு மணிக்கு இறங்கினான். பாலகோபாலும் பாவாத்தாளும் ஒரு மீன்பிடிப் படகில் கூடவே போனார்கள்.

அரை மைல்கூடப் போயிருக்காது. நஞ்சப்பன் இடப்பக்கம் திரும்பினான். திரும்பியவன் திரும்பிக்கொண்டே இருந்தான். பாலகோபால் சிலோன் இருக்கும் திசையில் துண்டை வீசிக் கத்தினார். படகுக்காரர் துடுப்பை நீட்டித் தடுத்தார். அந்த வட்டத்துக்குள் துடுப்பு போகவில்லை, கல்லில் பட்டதுபோல் டக்கென்று சத்தம் கேட்டது. நாற்பதடிக்குள் அலை அடங்கிவிட்டது.

"நேராப் போங்க! ஏறி வந்துருங்க, கயிறு வேண்டாம் நமக்கு!" என்று பாவாத்தாள் கதறினாள்.

"சொவரு உடமாட்டேங்குது பாவா. நீ எண்ணு" என்றான் அவன்.

அவள் எண்ணினாள். வேறு என்ன செய்வாள்? கொட்டை ஒவ்வொன்றாக முறத்தில் விழுந்தது. நஞ்சப்பன் நீந்திய தூரத்தில் குறையொன்றும் இல்லை. இருபது மைலும் நீந்தினான். பொழுது சாயும் நேரத்தில் தொள்ளாயிரத்து அறுபதாவது கொட்டை விழுந்ததும், கிணற்றில் படி இருக்கும் பக்கமாக ஒதுங்கி, ஒன்றுமில்லாத இடத்தில் கையை ஊன்றினான். ஒரு படி ஏறினான். இரண்டாவது படியில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டான். மூன்றாவது படியில் அவன் இல்லை. அலை வந்து அந்த இடத்தை மூடிக்கொண்டது. பாலகோபால் தன் குறிப்பில், தெற்கே ஒரு கப்பல் போனது என்பதையும் சேர்த்து எழுதினார்.

அதே நேரத்தில் தோட்டத்துக் கிணறு உப்பாகிவிட்டது. ஒரு மாதத்தில் கரும்பு கருகியது, தென்னை குருத்து வாடியது. நாயுடு ஏழு நாள் மோட்டார் போட்டு இறைத்துப் பார்த்தார், வந்ததெல்லாம் கடல். மோட்டாரைக் கழற்றி வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோனார். பாவாத்தாள் கயிறு கேட்டுப் போனபோது, "தாண்டலியேம்மா" என்றார்.

1964இல், யாரோ பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று, நாயுடு அந்தக் கிணற்றை வளவு சனத்துக்குத் திறந்துவிட்டார். மாலை போட்டார்கள், போட்டோ பிடித்தார்கள், பேப்பரில் மில் பெயர் வந்தது. சொன்னபடி இரண்டு கயிறு போட்டிருந்தார், புதுக்கயிறு. வளவுப் பெண்கள் ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு கல்குழிக்கு நடந்தார்கள். அவர்களில் சின்னத்தாயி மட்டும் நின்று, போட்டிருந்த மாலை கருகும்வரை திட்டினாள்.

பாவாத்தாள் மட்டும் தினம் வருகிறாள். இப்போது படியில் உட்கார யாரும் தடை சொல்வதில்லை. தண்ணீர் இடமாகச் சுற்ற, சுவரோரம் கை விழும் சத்தம் கேட்கும். அவள் கொட்டையை முறத்தில் போடுவாள். தொள்ளாயிரத்து அறுபது ஆனதும், ஆள் ஏற வழிவிட்டுக் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்வாள். பிறகு புதுக்கயிற்றில் ஒரு குடம் இறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அந்த வீட்டில் அதற்கப்புறம் கஞ்சிக்கு உப்பு வாங்கியதில்லை.